ஸ்பெயின்காரன் ரேஷியோ

தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க போட்டிருக்கற பனியன் திருப்பூர் காதர்பேட்டைக் கடையில எடுத்ததுதானுங்களே? கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்க்காமயே சைஸ் சொல்றேன். எம். பார்த்தீங்களா, சரியாப் போச்சு. மார்ல இருக்கற பறவை கொக்கு இல்லைங்க. எல்லாரும் கொக்குன்னுதான் சொல்றாங்க. அது பெலிகன். நம்மூர்ல கூழைக்கடாம்போமே, அது. செயின்ட் பிரெண்டன் பெலிகன்ஸ்னு வெஸ்ட் இண்டீஸ் பக்கம் ஒரு தீவோட கிரிக்கெட் டீமு. அந்த டீமுக்கு இந்தப் பனியனைப் பெட்டி போட்டு, பெட்டியோடயே பிளேன் ஏறிப் போனவன் நான்தானுங்க. நாச்சிமுத்து. பேக்கிங் இன்சார்ஜ். இருபத்திரண்டு வருஷம்.

நம்ப மாட்டீங்க. பரவாயில்லை. பஸ் கோயமுத்தூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நம்பிடுவீங்க.

எங்க முதலாளி பனியன் விக்க அமெரிக்கா போனாருங்க. திரும்பி வரும்போது மத்தவங்க சென்ட் பாட்டில் வாங்கிட்டு வருவாங்க, இவரு ஒரு டீமை வாங்கிட்டு வந்துட்டாரு. கிரிக்கெட்டைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சதெல்லாம், அது நடக்கற அன்னைக்கு டெய்லருங்க லீவு போடுவாங்கங்கறது மட்டும்தான். பறவைப் படத்தைப் பார்த்துட்டு, புலி சிங்கம் ஒண்ணும் மிச்சம் இல்லையான்னு கேட்டாராம். இல்லைன்னுட்டாங்களாம். சரி, கூழைக்கடாவையே போடுங்கன்னுட்டாரு.

டீமை வாங்கின மறுவாரம் பனியனுக்கு ஆர்டர் ஷீட் வந்துச்சு. நூத்திருபது பீஸ். அவ்வளவுதான் எழுதியிருக்குது. எந்த சைஸ்ல எத்தனைன்னு ஒரு வார்த்தை கிடையாது. கட்டிங்ல இருந்து ஆளு வந்து என்னைக் கேட்டான். இங்கதானுங்க நீங்க கவனிக்கணும். ஏற்றுமதியில ஒரு பழக்கம் இருக்குது. ஒரு பெட்டியில ஒரே சைஸை அடைக்க மாட்டோம். கடைக்காரன் பெட்டியைப் பிரிச்சா எல்லா சைஸும் கைக்கு வரணும். எஸ் ரெண்டு, எம் ரெண்டு, எல் ஒண்ணு, எக்ஸெல் ஒண்ணு, அப்படி ஒரு கணக்கு. அதுக்கு ரேஷியோன்னு பேரு. சரக்கு வாங்கற ஒவ்வொரு பையருக்கும் ஒரு ரேஷியோ. சைஸ் சொல்லாம ஆர்டர் வந்தா, கடைசியா எந்த பையருக்கு அனுப்பினோமோ அவன் ரேஷியோவைப் போடறது. இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான் போடறேன். ஒருத்தன் குறை சொன்னதில்லை. கடைசியா அனுப்பினது ஸ்பெயின்காரனுக்கு. அதையே போடுடான்னேன்.

ஸ்பெயின்காரன் ஒல்லிங்க. அது என் தப்பா?

பெட்டியோட ஒரு ஆளு போகணும்னு முதலாளி சொன்னாரு. அங்க டீமு ஒரு தீவுல இருந்து இன்னொரு தீவுக்குக் குட்டி பிளேன்ல போகும். மூட்டை இருபத்துமூணு கிலோவுக்கு ஒரு கிராம் கூடக் கூடாது. கட்டத் தெரிஞ்ச ஆளு வேணும். ஆபீஸ்ல இங்கிலீஷ் பேசற பசங்க நாலு பேரு இருந்தாங்க. அவங்களை விட்டுட்டு என்னை அனுப்பினாருன்னா காரணம் இருக்குதுல்லைங்க. அந்த நாலு பேரும் முன்னாடியே முடியாதுன்னுட்டாங்கன்னு அக்கவுண்ட்ஸ் பொண்ணு சொல்லுச்சு. அது பொறாமை.

போய்ச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பெட்டியைப் பிரிச்சது புதன். முதல் மேட்ச் வெள்ளி.

டிரஸ்ஸிங் ரூமுக்குள்ள பதினேழு பேரு. தம்பி, ஆளுங்க இல்லைங்க அவங்க. ஒவ்வொருத்தனும் நம்ம வீட்டு நிலைக்கதவு சைஸு. நான் பாலிபேக்கைப் பிரிச்சு, மடிப்புக் கலையாம ஒவ்வொருத்தன் முன்னாலயும் ஒரு பீஸ் வெச்சேன். பதினேழு பேரும் குனிஞ்சு அதையே பார்த்தாங்க. துணியைப் பார்த்து அசந்துட்டாங்கன்னு நினைச்சேன்.

அப்புறம் எவர்டன் எந்திரிச்சான். எவர்டன் டூசான். வேகப்பந்து போடறவன். ஆறடி ஏழு அங்குலம். நெஞ்சளவு ஐம்பத்திரண்டு இஞ்ச், பிற்பாடு ஸ்டூல் மேல ஏறி நின்னு டேப் வெச்சு நானே அளந்தேன். அவன் முன்னால போயிருந்தது ஒரு எஸ். அதை எடுத்து உள்ளங்கை மேல கையுறை மாதிரி மாட்டினான். பொம்மலாட்டம் மாதிரி அந்தப் பறவை வாயைத் திறந்து மூட வெச்சான். பறவை என்னைப் பார்த்து, "டெய்லர், எங்க அம்மா எங்கே?"ன்னுச்சு.

பதினேழு பேரும் தரையில உருண்டாங்க. அன்னையில இருந்து எனக்கு அந்தத் தீவுல டெய்லர்னே பேரு ஆயிடுச்சு. ஓட்டல்ல டெய்லர், பஸ்ஸுல டெய்லர். நான் டெய்லர் இல்லைங்க. உங்களுக்குத் தெரியும், நீங்க திருப்பூர்ல பஸ் ஏறினவரு. டெய்லர் வேற, கட்டிங் வேற, செக்கிங் வேற, பேக்கிங் வேற. டெய்லர் தைப்பான், சனிக்கிழமையானா கூலிக்கு வாட்ச் பார்ப்பான். பேக்கிங்கறது பொறுப்பு. அதை அவங்களுக்கு எப்படிச் சொல்றது? எனக்குத் தெரிஞ்சது பேக்கிங் லிஸ்ட் இங்கிலீஷ். அதுல தமாஷுக்குப் பதில் சொல்ல வார்த்தை கிடையாது.

போன வருஷச் சட்டையைப் போடலாமேன்னு கேப்பீங்க. போன வருஷம் வேற முதலாளி, வேற கலரு, வேற விளம்பரம். இந்த வருஷச் சட்டை போடாதவன் பவுண்டரிக் கயித்தைத் தாண்டி உள்ளே கால் வைக்கக் கூடாதுன்னு அந்தப் போட்டி நடத்தறவங்க சட்டம். திருப்பூருக்குப் போன் போட்டோம். புதுசாத் தெச்சு, பிளேன்ல போட்டு, கஸ்டம்ஸ்ல இருந்து வெளிய எடுக்க அடுத்த ஞாயிறு தாண்டிடும்னாங்க. அதுக்கு முன்னால மூணு மேட்ச். வெள்ளி, செவ்வாய், சனி. மூணும் உள்ளூர் மைதானத்துல. அதுக்கப்புறம் டீமு வேற தீவுங்களுக்குப் போயிடும், அந்த வருஷம் திரும்ப அங்க வராது.

கோச் பேரு ஆல்வின். பழைய விக்கெட் கீப்பர், பத்து விரலும் பத்து திசை பார்க்கும். பேசவே மாட்டாரு. நான்தான் டேப்பை எடுத்து எல்லாரையும் அளந்தேன். எக்ஸெல்லுக்குள்ள போய் நின்னு மூச்சும் விட முடிஞ்சவங்க பன்னெண்டு பேரு. எழுதிக் குடுத்தேன். ஆல்வின் அந்தச் சீட்டை ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தாரு. சாயங்காலம் டீமு அறிவிச்சாங்க. என் சீட்டுதானுங்க, அப்படியே.

அதாவது, டீமைத் தேர்ந்தெடுத்தது நானு. இதை வெளிய யாரும் சொல்ல மாட்டாங்க.

அந்தப் பன்னெண்டுல டெரெக் ராம்லால்னு ஒரு லெக் ஸ்பின்னர். அஞ்சடி நாலு. எஸ் சைஸு அவனுக்குத்தான் அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. ஏழு மாச சீசனா இருந்தாலும் தண்ணி பாட்டில் மட்டும் தூக்கற ஆளு. வெள்ளிக்கிழமை அவன் போட்டான் பாருங்க, நாலு விக்கெட். டிவியில பேசறவங்க, எவர்டனை உட்கார வெச்சுட்டு இந்தப் பையனை இறக்கினது துணிச்சலான முடிவுன்னாங்க. முடிவு யாரோடது? பேட்டிங்கும் அப்படித்தான். முதல்ல இறங்கினவனுக்குச் சட்டை நெஞ்சைப் பிடிக்குது, ஓடினா மூச்சு முட்டுது. ஓடறதை விட்டுட்டு சிக்ஸரா அடிச்சான். ஜெயிச்சோம். செவ்வாயும் ஜெயிச்சோம். முதலாளி போன்ல என்னைப் பாராட்டினாரு. போன வருஷம் கடைசி இடத்துல இருந்த டீமுங்க அது.

எவர்டன் ரெண்டு மேட்சும் கேலரியில உட்கார்ந்து பார்த்தான். எனக்கு அது தெரியல, ராம்லால் சொல்லித்தான் தெரியும். அவனுக்கு முப்பத்தொன்பது வயசு. இந்த வருஷத்தோட முடிச்சுக்கறேன், என் ஜனங்க முன்னால முடிச்சுக்கறேன்னு போன வருஷமே சொல்லிட்டானாம். லா ரோஷ்னு கடலோரமா ஒரு மீன்பிடி ஊரு. அவங்க ஊரு. மொத்த ஊரும் மூணு மேட்சுக்கும் ஒரு பக்கத்து கேலரி பூராவும் சீட்டு வாங்கி வெச்சிருந்துச்சு. ரெண்டு மேட்ச் போயிடுச்சு. சனிக்கிழமை ஒண்ணுதான் பாக்கி.

வியாழக்கிழமை என்னை லா ரோஷுக்குக் கூட்டிட்டுப் போனான். மீன் வறுத்துக் குடுத்தாங்க. நான் சைவங்க, ஆனா அந்த ஆளு தட்டை நீட்டறப்ப வேண்டாம்னு சொல்ற தைரியம் யாருக்கு வரும்? அவன் தங்கச்சி ஒருத்தி, மிரெய்ன்னு பேரு, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு யூனிபாரம் தைக்கறவ. வாசல்லயே மெஷின் போட்டிருக்குது. நான் சும்மா இருக்க முடியாம, டென்ஷன் லூஸா இருக்குது, நூலு தொங்குதுன்னேன். அவ என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, பேசறதுக்கு மட்டும்தான் வந்தியா, தைப்பியான்னு கேட்டா. நான் பேக்கிங்னேன். அது என்னதுன்னா.

சாப்பிட்டு முடிச்சதும் எவர்டன் கேட்டான். சட்டை ரூம் சாவி என்கிட்ட இருந்துச்சு, அதனால கேட்டான். "டெய்லர், ரெண்டு எஸ் குடு. இவ ஒண்ணா இணைச்சுடுவா."

கேட்ட விதத்துல குறை சொல்ல முடியாதுங்க. கெஞ்சல, மிரட்டல. ஆனா தம்பி, செக்கிங் முடிஞ்ச பீஸ் அது. ஸ்டாம்ப் போட்டு, அயர்ன் போட்டு, பாலிபேக்குக்குள்ள போனதை எடுத்து வெட்டறதா? லிஸ்ட்ல நூத்திருபதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நூத்திருபதும் இருக்கணும். இல்லைன்னேன். அவன் மறுபடி கேக்கல. இன்னொரு மீன் வெச்சான்.

வெள்ளிக்கிழமை காலையில ஆல்வின் வந்தாரு. அந்த ஆளு என்கிட்ட மொத்தமாப் பேசினதே அன்னைக்குத்தான். "நாச்சி, அவனுக்கு இது கடைசி"ன்னாரு. நான் லிஸ்ட்டைக் காட்டினேன். லிஸ்ட்டைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, போயிட்டாரு. ஒழுங்கா நடந்தா மரியாதை தானா வரும்னு நினைச்சுக்கிட்டேன். போறப்ப தலையை ஆட்டினது மரியாதையாத்தான் பட்டுச்சு.

சனிக்கிழமை மேட்ச் அங்க காலை பதினொரு மணிக்கு. ஒன்பதரைக்கு ராம்லால் நொண்டிக்கிட்டே வந்து, தொடை பிடிச்சுக்கிச்சு, என்னால ஆட முடியாதுன்னு கோச்கிட்ட சொன்னான். எந்தத் தொடைன்னு ஆல்வின் கேக்கவே இல்லைங்க. நான் கேட்டேன். இடதுன்னான். ஆனா நொண்டினது வலது. எட்டு விக்கெட் எடுத்திருக்கான் ரெண்டு மேட்ச்ல, நான் கண்டுபிடிச்ச பையன், உலகமே அவனைப் பார்க்குது, இவன் தொடைங்கறான்.

அப்பத்தான் கதவு திறந்து எவர்டன் உள்ளே வந்தான். சட்டை போட்டிருந்தான்.

ஒவ்வொருத்தனுக்கும் நான் ரெண்டு சட்டை குடுத்திருந்தேன், முதுகுல பேரு ஒட்டி. ராம்லால் தன்னோட ரெண்டையும் ராத்திரியே லா ரோஷுக்குக் குடுத்தனுப்பிட்டான். அந்தப் பொம்பளை ஒண்ணை அக்குளுக்குக் கீழ ரெண்டு பக்கமும் பிரிச்சு, இன்னொண்ணை வெட்டி இடைவெளியில கொடுத்துத் தெச்சுட்டா. இடது விலாவுல ராம், வலது விலாவுல லால். முதுகுல இருந்த பேரு மேல பிளாஸ்திரி ஒட்டி டூசான்னு பேனாவுல எழுதியிருக்குது. நீளம் பத்தாம அடியில வேற ஒரு துண்டு. பறவை ரெண்டு. ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு தொப்புள் பக்கம் தலைகீழா. தையலைப் பார்த்தேன். ஓவர்லாக் கிடையாது, ஒத்தைத் தையல். நிக்காதுன்னேன். யாரும் காதுல வாங்கல. எல்லாரும் வரிசையா வந்து அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்துட்டுப் போறாங்க. சாமி சட்டை மாதிரி.

எல்லாம் இந்த வருஷச் சட்டைதானே, கலரும் விளம்பரமும் சரியாத்தானே இருக்குதுன்னு நடுவருங்க விட்டுட்டாங்க. அவங்களும் அந்தப் பக்கத்துக்காரங்கதான்.

எவர்டன் மைதானத்துக்குள்ள இறங்கினப்ப எழுந்த சத்தத்தைச் சொல்லித் தெரிய வைக்க முடியாதுங்க. ஆனா நான் ஆட்டத்தைச் சொல்றேன். முதல் மூணு ஓவர்ல நாற்பத்தொண்ணு குடுத்தான். விக்கெட் இல்லை. ராம்லால் கயித்துக்கு வெளிய என் பக்கத்துல உட்கார்ந்து, எந்தத் தொடையும் வலிக்காம குதிச்சுக்கிட்டு இருக்கான். எதிரணி துரத்தி வந்துட்டாங்க. கடைசி ஓவர், பதினொண்ணு எடுத்தா அவங்க ஜெயிச்சாங்க. மூளையுள்ளவன் எவனும் எவர்டனுக்குப் பந்து குடுக்க மாட்டான். கேப்டன் குடுத்தான்.

அஞ்சு பந்துல ஏழு போச்சு. ஒரு பந்து பாக்கி, நாலு ரன் வேணும். அஞ்சாவது பந்தைப் போட்டப்பவே எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சுங்க. மத்தவங்களுக்குக் கேட்டிருக்காது. துணி கிழியற சத்தம் எனக்கு அடுத்த தெருவுல இருந்தாலும் கேக்கும். வலது பக்கம், அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் பிரிஞ்சு தொங்குது. லால் தனியா காத்துல ஆடுது. நடுவர் கையைக் காட்டி நிறுத்திட்டாரு. சரி பண்ணு, இல்லைன்னா வெளிய போ, வேற ஆளு போடட்டும்.

எவர்டன் நேரா என்னைப் பார்த்து நடந்து வந்தான். கயிறு வரைக்கும். கையைத் தூக்கிட்டு நின்னான்.

நான் டெய்லர் இல்லைங்க, ஊசி நூலு வெச்சுக்கறதில்லை. ஆனா இடுப்புல டேக் கன் இருந்துச்சு. துணியில விலைச் சீட்டு தொங்க விட பிளாஸ்டிக் பின்னு குத்தறோமே, அந்தத் துப்பாக்கி. அது இல்லாம பேக்கிங்காரன் பாத்ரூமுக்குக்கூடப் போக மாட்டான். துணி ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுக் குத்தினேன். அக்குள்ல ஆரம்பிச்சு இஞ்ச் இஞ்சா இறங்கினேன். ஊசி ரெண்டு தடவை சதையில பட்டுச்சு, எனக்கே தெரிஞ்சுச்சு. அவன் அசையல. என் மூஞ்சிக்கு முன்னால அவன் விலா எலும்பு ஏறி இறங்குது. பதினோரு பின்னு. என் தோளைத் தொட்டுக் காட்டி, கையை இதுக்கு மேல தூக்காதேன்னேன்.

"பந்து போடறவன்கிட்ட கையைத் தூக்காதேன்னு சொல்ற டெய்லர் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்"னான். அப்பவும் டெய்லர்தான்.

ஓடி வந்தான். போட்டான். அடிச்சவன் அதை லா ரோஷ்காரங்க உட்கார்ந்திருந்த கேலரிக்குள்ளயே அடிச்சான். சிக்ஸர். தோத்துட்டோம். ராம்லால் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம், இப்பவும் சொல்றேன்.

எவர்டன் திரும்பி நின்னு பந்து போறதைப் பார்த்தான். அது விழற வரைக்கும் பார்த்தான். அப்புறம் ரெண்டு கையையும் நேரா மேல தூக்கினான். நடுவரு சிக்ஸருக்குத் தூக்குவாரே, அது மாதிரி. நடுவரு தூக்கறதுக்கு முன்னாலயே இவன் தூக்கிட்டான். அடி வாங்கினதே இவன்தானுங்க. லா ரோஷ் கேலரி பூராவும் எந்திரிச்சுக் கையைத் தூக்குது. அப்புறம் பக்கத்து கேலரி. ஆல்வின் அந்தக் கோண விரலோட தூக்கறாரு. மொத்த மைதானமும் தோத்துட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்குது. கிறுக்குப் பிடிச்ச ஜனங்க.

டிவிக்காரன் அந்த நேரம் பார்த்து கேமராவை எங்க பக்கம் திருப்பிட்டான். நம்மூர்ல நடுராத்திரி, முதலாளி சம்பந்தி வீட்டுக்காரங்களைத் தூங்க விடாம உட்கார வெச்சுப் பார்த்துட்டு இருந்திருக்காரு. திரை பூராவும் நான். ரெண்டு கையும் மேல. அரை மணி நேரத்துல போன் வந்துச்சு. "நாம தோத்ததுக்கு நீ எதுக்குடா கையைத் தூக்கின?" அவ்வளவுதான். திங்கட்கிழமை டிக்கெட் போட்டாங்க. புதுப் பனியன் வந்து இறங்கின அதே பிளேன்ல என்னை ஏத்திட்டாங்க. இப்ப நான் வேஸ்ட் குடோன்ல இருக்கேன். கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டறது. டெய்லர் பசங்க குடோனைத் தாண்டிப் போறப்ப ரெண்டு கையையும் தூக்கிட்டுப் போறானுங்க.

நான் சொல்றதை முதலாளி கேக்கவே இல்லைங்க. நீங்களே சொல்லுங்க. கையைத் தூக்காதேன்னு அவன்கிட்ட சொல்லி அனுப்பினேன். அவன் தூக்கிட்டான். தூரத்துல நிக்கறவனுக்குத் தூக்காதேன்னு எப்படிச் சைகை காட்டறது? நாமளும் தூக்கித்தானே காட்டணும்? அதுக்குத்தான் தூக்கினேன். கொஞ்ச நேரம் தூக்கியே வெச்சிருந்தேன், அவன் பார்க்கற வரைக்கும். வேற ஒண்ணும் இல்லைங்க.

அவன் பார்த்தான். பார்த்துட்டு இன்னும் மேல தூக்கினான். நுனிக்காலு மேல நின்னு, கையை வானத்துக்கு விட்டுட்டு. விலாப்பக்கம் துணி கம்பி மாதிரி இழுத்து நிக்குது. பதினோரு பின்னு, தம்பி. ஒண்ணுகூடத் தெறிக்கலைங்க.